கிருமியின் சட்டையைப் பார்த்துப் புரதம் தேடுங்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகளை உணவிலிருந்தும் மற்ற மாதிரிகளிலிருந்தும் பிடித்துக் காட்டும் புரதத்தை எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது என்பதுதான் அது.

கேள்வி: முட்டையிலும் கோழித் தீவனத்திலும் சால்மொனெல்லா பார்க்கும் சிறிய லேப் எங்களுடையது. கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) ஒவ்வொரு லாட்டிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது. 'பேஜ் புரதம்' நல்ல மாற்று என்கிறார்கள். எதை எடுப்பது? (நாமக்கல் வாசகர்)

பேஜ் என்பது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ். தன் இரையை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள அதன் வாலில் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தின் ஜீனை மட்டும் எடுத்து, லேபில் எளிதாக வளரும் ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தால், லாட் மாறினாலும் குணம் மாறாத ஒரு பிடிப்பான் கிடைக்கும்.

சால்மொனெல்லாவுக்கு நன்றாக ஆராயப்பட்டது பி22 என்ற பேஜின் வால்முள் புரதம். அது கிருமியின் வெளியுறையிலுள்ள ஓ-ஆன்டிஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கிறது. இங்கே ஒரு சிக்கல்: பிடிப்பதோடு நிற்காமல் அந்தச் சங்கிலியை வெட்டவும் செய்யும். 37 டிகிரியில் அரை மணி நேரம் விட்டால், பிடித்த கிருமியே கையை விட்டு நழுவிவிடும். அதனால் இயற்கையான வடிவத்தை வாங்கிப் பயனில்லை. 392-ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தை ஆஸ்பராஜினாக மாற்றிய வடிவத்தைக் கேளுங்கள். அது வெட்டாது, பிடிக்கும். பேஜின் தலையோடு இணையும் முதல் 108 அமினோ அமிலங்களும் உங்களுக்குத் தேவையில்லை. 109 முதல் 666 வரை போதும். அந்த முனையில் ஆறு ஹிஸ்டிடின் வாலைச் சேர்த்து ஜீனைத் தயாரித்துத் தரச் சொல்லலாம்.

வளர்ப்பதில் அவசரம் கூடாது. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி உருவாகும் புரதம் இது. சூடு கூடினால் மடிப்பு தவறிக் கட்டியாகிவிடும். ஈ.கோலை பி.எல்.21 செல்லை 37 டிகிரியில் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.6 வரும்வரை வளர்த்து, பிறகு 30 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யை 0.5 மில்லிமோலார் சேருங்கள். ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழலில் ஏற்றி, 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250 மில்லிமோலாரில் இறக்குங்கள். சரியாக மடிந்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. ஒரே மாதிரியை எஸ்.டி.எஸ். ஜெல்லில் (புரதத்தைக் கலைத்து எடைவாரியாகப் பிரிப்பது) கொதிக்க வைத்தும் வைக்காமலும் ஓட்டுங்கள். நன்றாக மடிந்த முப்பின்னல் எஸ்.டி.எஸ்.ஸுக்கே கலையாது. கொதிக்க வைக்காத பாதையில் மேலே ஒற்றைக் கோடும், கொதிக்க வைத்த பாதையில் சுமார் 60 கிலோடால்டனில் கோடும் தெரிய வேண்டும். இரண்டு பாதையிலும் 60-லேயே நின்றால் அந்தப் புரதத்தை வைத்து மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. ஓ-ஆன்டிஜனை வைத்து சால்மொனெல்லாவைப் பிரிவுகளாக்குகிறார்கள்; பி22 பிடிப்பது அவற்றில் ஏ, பி, டி1 பிரிவுகளை மட்டுமே. என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம், கோழிகளை வாட்டும் கேலினாரம், புல்லோரம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் கோழிப்பண்ணைகளில் அடிக்கடி காணும் இன்ஃபான்டிஸ் சி1 பிரிவு, கென்டக்கி ஓ-8. இரண்டும் தப்பிவிடும். எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் எஸ்16 பேஜின் நீள்வால் இழையைப் பாருங்கள். அது ஓ.எம்.பி.சி. என்ற வெளியுறைப் புரதத்தைப் பிடிப்பதால் ஓ-பிரிவு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அதைத் தயாரிப்பது கஷ்டம். இழைப் புரதம் (ஜி.பி.37), நுனிப் புரதம் (ஜி.பி.38), மடிப்புக்கு உதவும் ஜி.பி.57ஏ ஆகிய மூன்றும் ஒரே செல்லில் ஒன்றாக உருவாக வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் கிடைப்பது கட்டிதான்.

கேள்வி: ஏற்றுமதி மீன் பதப்படுத்தும் கூடத்தில் லிஸ்டீரியா பரிசோதனை செய்கிறோம். இதற்கும் வால் புரதம்தானா? (தூத்துக்குடி)

இல்லை, இங்கே வேறு வழி இன்னும் சுலபம். லிஸ்டீரியா கிராம்-பாசிட்டிவ். செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு கிடையாது. பேஜ் வேலை முடிந்து வெளியேறும்போது சுவரை உடைக்கும் எண்டோலைசின் என்ற நொதியில் ஒரு பாதி வெட்டும், மறுபாதி சுவரில் ஒட்டும். ஒட்டும் பாதியை மட்டும் எடுத்தால் நல்ல பிடிப்பான் ஆகிவிடும். (இதே உத்தியை சால்மொனெல்லாவில் முயன்றால் வெளிச்சவ்வு தடுத்துவிடும். கிராம்-நெகட்டிவுக்கு வால் புரதம், கிராம்-பாசிட்டிவுக்கு எண்டோலைசின் என்று பிரித்துக்கொண்டாலே பாதி குழப்பம் தீரும்.)

சூரிச்சிலுள்ள இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் லோஸ்னர் குழு இதில் முன்னோடி. பிஎல்ஒய்118, பிஎல்ஒய்500 என்ற இரு நொதிகளின் ஒட்டும் பகுதிகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது 1/2, 3, 7 செரோவகைகளை (மேற்பரப்பை வைத்துப் பிரித்த உள்வகைகளை) பிடிக்கும். இரண்டாவது 4, 5, 6 செரோவகைகளை. மனித நோயில் அதிகம் காண்பவை 1/2ஏ, 1/2பி, 4பி. ஆகவே ஒன்றை மட்டும் பூசிய காந்த மணி (காந்தத்தால் இழுக்கக்கூடிய நுண்ணிய உருண்டை) போதாது, இரண்டையும் கலந்து பயன்படுத்துங்கள். 2007-இல் வெளியான அவர்களின் ஆய்வில் இத்தகைய மணிகள் 90 சதவீதத்துக்கு மேல் லிஸ்டீரியாவை மீட்டன.

பச்சை ஒளிரும் புரதத்தோடு இணைத்துத் தயாரித்தால் மைக்ராஸ்கோப்பிலேயே சோதிக்கலாம். ஓ.டி. 1 அளவு செல்லை பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, 100 மைக்ரோலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் புரதம் சேர்த்து, 10 நிமிடம் கழித்து மீண்டும் கழுவிப் பாருங்கள். பக்கத்திலேயே வெறும் ஒளிரும் புரதம் சேர்த்த ஒரு குழாயும் இருக்க வேண்டும். பிஎல்ஒய்500 பகுதி ஒட்டினால் செல் முழுதும் சீராக மின்னும். பிஎல்ஒய்118 பகுதி ஒட்டினால் செல்லின் முனைகளிலும் செல் பிரியும் நடுக்கோட்டிலும்தான் மின்னும். அதைப் பார்த்துப் 'புரதம் கெட்டுவிட்டது' என்று கொட்டிவிடாதீர்கள், அதன் இயல்பே அப்படி.

இன்னொன்று: நோய் தராத லிஸ்டீரியா இன்னோகுவாவும் 6-ஆம் வகையைச் சேர்ந்தது என்பதால் மணியில் வரும். மணி 'லிஸ்டீரியா இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். மோனோசைட்டோஜெனிஸ்தானா என்பதை ஹெச்.எல்.ஒய். ஜீனுக்கான பி.சி.ஆர். மூலம் உறுதிசெய்யுங்கள். பழகுவதற்கு இன்னோகுவாவையே வைத்துக்கொள்ளலாம், ஆபத்து குறைவு.

கேள்வி: டைஃபாய்டு சந்தேக நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியை நேரடியாகப் பிடிக்கும் மணி செய்ய முடியுமா? டைஃபியும் டி1 பிரிவுதானே?

டி1 பிரிவுதான். ஆனால் டைஃபி, வி-ஐ என்ற சர்க்கரை உறையைப் போர்த்தியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஓ-9 (டி1 பிரிவின் ஓ-ஆன்டிஜன்) வெளியே தெரியாது. ஸ்லைடு சோதனையில் வி-ஐ உள்ள டைஃபி ஓ-9 சீரத்தில் திரளாமல் போவதும், கொதிக்க வைத்த பிறகு திரள்வதும் இதனால்தான். வி-ஐயைப் பிடிக்கும் புரதம் வைத்தாலும் அளவுப் பிரச்சினை தீராது. டைஃபாய்டு ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமி, பல நேரம் அதற்கும் குறைவு. 1 மில்லியில் மணி போட்டுத் தேடுவது வெறும் குழாயில் துழாவுவதுதான். ரத்த வளர்ப்பைத் தவிர்த்துவிட்டு ரத்தத்தில் கிருமியை நேரடியாகத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டில் 12 அமினோ அமில பெப்டைடு நூலகம் கொண்ட பேஜ் டிஸ்ப்ளே (பேஜின் மேல் விதவிதமான குறும்புரதங்களை ஏற்றி, இலக்கில் ஒட்டுவதைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) செய்தேன். இலக்கு ஒரு சால்மொனெல்லா. நான்காவது சுற்றில் பத்துக்கு ஏழு குளோன் ஒரே வரிசை. மகிழ்ச்சியாகப் பெப்டைடை வாங்கிச் சோதித்தால் ஒட்டவே இல்லை. எங்கே தவறு? (கோவை மாணவி)

ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் வென்றது பிடிப்புதான் என்று பொருளில்லை. பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் தொடங்கி, 2018 வேதியியல் நோபல் பரிசு வரை வந்த இந்த முறையில், எம்13 பேஜ் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஈ.கோலைக்குள் பெருக்கப்படுகிறது. வேகமாகப் பெருகும் குளோனே கூட்டத்தில் முன்னுக்கு வந்துவிடும், எதையும் பிடிக்காவிட்டாலும். ஏழு அமினோ அமில நூலகத்தில் ஹெச்-ஏ-ஐ-ஒய்-பி-ஆர்-ஹெச் என்ற வரிசை சம்பந்தமில்லாத பல இலக்குகளில் தலைகாட்டியது இப்படித்தான். அதன் பேஜ் ஜீன் ஒன்றில் பெருக்கத்தைக் கூட்டும் மாற்றம் இருந்தது. பெருக்கத்தை நாலரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இரவு முழுதும் விட்டால் இந்தப் பந்தயத்துக்கு நீங்களே அழைப்பு விடுப்பதாகும். எக்ஸ்-கால் என்ற நிறங்காட்டி சேர்த்த பிளேட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை நூலகத்தைச் சேர்ந்தவையே அல்ல, வெளியிலிருந்து நுழைந்த சாதாரண எம்13. நூலகப் பேஜ் நீலமாகத்தான் வரும்.

அடுத்தது குழாய். ட்ரிப்டோஃபான் நிறைந்த பெப்டைடு பிளாஸ்டிக்கிலேயே நன்றாக ஒட்டும். ஒவ்வொரு கழுவலுக்கும், குறைந்தது ஒவ்வொரு சுற்றின் கடைசிக் கழுவலுக்காவது, செல்லைப் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டின் என்ற வைட்டமினை இறுகப் பிடிக்கும் புரதம்) பூசிய தட்டு பயன்படுத்தினீர்கள் என்றால் உங்கள் வரிசையில் ஹிஸ்டிடின்-புரோலின்-குளுட்டமின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பிடித்தது ஸ்ட்ரெப்டாவிடினை.

மூன்றாவது கழித்தல். முதல் சுற்றுக்கு முன்பே நூலகத்தை நெருங்கிய பாக்டீரியாக்களோடு கலக்கி, அவற்றில் ஒட்டியதை ஒதுக்க வேண்டும். பலர் இதற்கு லேபில் கையருகே இருக்கும் ஈ.கோலை கே-12 வகையை எடுக்கிறார்கள். அதற்கு ஓ-ஆன்டிஜனே கிடையாது, மொட்டை உடம்பு. பொதுவான சர்க்கரைகளில் ஒட்டும் பெப்டைடுகளை அது கழிக்காது. உயிரோடு, முழு ஓ-ஆன்டிஜன் உள்ள சிட்ரோபாக்டர், என்டரோபாக்டர், ஈ.கோலை வகைகளை எடுங்கள்.

சுற்று இப்படி இருக்கட்டும்: 10 கோடி முதல் 100 கோடி வரை செல். மும்முறை கழுவி, வெற்றிடங்களை அடைக்கும் பி.எஸ்.ஏ. புரதத்தின் 1 சதவீதக் கரைசலில் ஊறவைத்து, 10,000 கோடி பேஜ் சேர்த்து அறைச் சூட்டில் ஒரு மணி நேரம். கழுவுவதற்கு முதல் சுற்றில் 0.1 சதவீத ட்வீன் (சோப்பு போன்றது), பின் சுற்றுகளில் 0.5 வரை. பிறகு ஒட்டிய பேஜைப் பிடுங்க 0.2 மோலார் கிளைசின், பி.ஹெச். 2.2, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். உடனே 1 மோலார் டிரிஸ் பி.ஹெச். 9.1 சேர்த்து நடுநிலையாக்குங்கள். பிடுங்கிய பேஜை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் உயிரோடிருக்கும் இலக்குக் கிருமி உங்கள் ஈ.கோலை வளர்ப்பில் புகுந்து அட்டகாசம் செய்யும்.

நான்காவது காரணம்தான் உங்கள் கதையில் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. பேஜின் நுனியில் அந்தப் பெப்டைடு ஐந்து பிரதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பலவீனமாகப் பிடித்தாலும் ஐந்தும் சேர்ந்து செல்லை விடாது. நீங்கள் வாங்கியதோ ஒற்றைப் பெப்டைடு, கழுவும்போதே போய்விடும். பயோட்டின் சேர்த்து வாங்கி, ஸ்ட்ரெப்டாவிடினோடு நான்காகக் கட்டிச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் மேலே சொன்ன முதல் மூன்றில் ஒன்று. முழு செல்லில் பெப்டைடு தேடுவதைவிடப் பேஜ் வால் ஜீனிலிருந்து தொடங்குவது பல மாதங்களை மிச்சமாக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம். வழிகாட்டிக்குப் பிடிக்காமல் போகலாம்.

கேள்வி: பலாக்கொட்டையில் சர்க்கரையைப் பிடிக்கும் லெக்டின் இருப்பதாகப் படித்தேன். பண்ருட்டியில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதை வைத்துக் கிருமி பிடிக்கலாமா?

ஜாக்கலின் என்று அதற்குப் பெயர். பிரித்தெடுப்பதும் சுலபம். ஆனால் லெக்டின் சர்க்கரையைத்தான் அடையாளம் காண்கிறது, பாக்டீரியாவை அல்ல. ஜாக்கலின் காலக்டோஸைத் தேடும். மனித உடலின் ஐ.ஜி.ஏ.1 ஆன்டிபாடியிலும் நன்றாக ஒட்டும் என்பதால் எச்சில், தாய்ப்பால் மாதிரியில் மணி முழுதும் அதுவே நிறைந்துவிடும். பாலிலும் இறைச்சியிலும் சர்க்கரை ஒட்டிய புரதங்கள் கிருமியைவிடப் பல கோடி மடங்கு.

லெக்டினுக்கு இரண்டாம் இடம் பொருந்தும். குறிப்பான பிடிப்பானால் கிருமியை மணியில் பிடித்து, எல்லாவற்றையும் கழுவிய பின், நொதி இணைத்த லெக்டினால் அதைக் காட்டலாம். கோதுமை முளை லெக்டின் கிராம்-பாசிட்டிவுக்கு ஏற்றது. வாளவரையின் கான்கனவாலின்-ஏ எடுத்தால் பஃபரில் (பி.ஹெச். மாறாமல் காக்கும் கரைசலில்) கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். உலோகத்தைப் பறித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த பஃபரில் அது செத்துப்போகும்.

கேள்வி: பால் மாதிரியில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சோதனை. கட்டுப்பாட்டுக்காகப் போட்ட சம்பந்தமில்லாத முயல் ஆன்டிபாடியும் பாசிட்டிவ் காட்டுகிறது. (ஈரோடு)

அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டதற்குப் பாராட்டு, பலர் போடுவதில்லை. ஆரியஸின் மேலே உள்ள புரோட்டீன்-ஏ, முயல் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. எதற்கு எதிரான ஆன்டிபாடி என்பது அதற்குப் பொருட்டே அல்ல. கோழி முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் ஐ.ஜி.ஒய். என்ற ஆன்டிபாடி புரோட்டீன்-ஏவில் ஒட்டாது, அதற்கு மாறுங்கள். ஒரு முட்டையில் 50 முதல் 100 மில்லிகிராம் வரை கிடைக்கும். அதில் உங்கள் கிருமிக்கானது சில சதவீதமே. இன்னொரு வழி, லைசோஸ்டஃபின் நொதியின் ஒட்டும் பகுதி. அது ஆரியஸ் செல்சுவரிலுள்ள ஐந்து கிளைசின் பாலத்தைப் பிடிக்கும்.

கேள்வி: ஏலக்காய், கிராம்பு, பட்டை ஏற்றுமதி செய்கிறோம். 'ஒரு மணி நேரத்தில் சால்மொனெல்லா' என்று ஸ்ட்ரிப் (கோடு காட்டும் சோதனைப் பட்டை) விற்க வருகிறார்கள். நம்பலாமா? (போடிநாயக்கனூர்)

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். சட்டம் கேட்பது 25 கிராமில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதை. 25 கிராமை 225 மில்லி பெப்டோன் நீரில் கரைக்கிறீர்கள். உள்ளே ஒரே ஒரு கிருமி இருந்தால், நீங்கள் எடுக்கும் 1 மில்லியில் அது இருக்க வாய்ப்பு 250-இல் ஒன்று. ஸ்ட்ரிப்புக்குக் கோடு தெரிய மில்லிக்கு ஒரு லட்சம் முதல் 10 லட்சம் வரை வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் பத்து மணி நேரத்தில் 20 இரட்டிப்பு, சுமார் 10 லட்சம் கிருமி. 250 மில்லியில் பரவினால் மில்லிக்கு 4,000. ஸ்ட்ரிப்புக்கு இன்னும் போதாது. 10 மில்லியில் காந்த மணி போட்டு 100 மைக்ரோலிட்டராகச் சுருக்கினால் மில்லிக்கு 4 லட்சம், அப்போது கோடு தெரியலாம். கிருமி கண்விழிக்க எடுக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை இதில் சேர்க்கவில்லை. எவ்வளவு நல்ல புரதமாக இருந்தாலும் இரவு வளர்ப்பைத் தவிர்க்க முடியாது. அந்த 'ஒரு மணி நேரம்' வளர்ப்புக்குப் பிந்தையது என்று சொன்னால் சரி.

செத்த கிருமியும் புரதத்தில் ஒட்டும் என்பதால், நீராவியில் சுத்திகரித்த சரக்குக்கு வளர்ப்பு இன்னொரு விதத்திலும் அவசியம். செத்தது பெருகாது.

உங்கள் சரக்கில் வேறு சிக்கலும் உண்டு. கிராம்பும் பட்டையும் தாமே கிருமிகொல்லிகள். வழக்கமான பத்துக்கு ஒன்று கரைசலில் சால்மொனெல்லா இருந்தாலும் வளராது, சோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும். பட்டையை நூறுக்கு ஒன்று, கிராம்பை ஆயிரத்துக்கு ஒன்று என்று நீர்க்க வேண்டும். பூண்டு, வெங்காயப் பொடி என்றால் ஊட்டத்தில் 0.5 சதவீதம் பொட்டாசியம் சல்ஃபைட் சேருங்கள்.

எல்லா மாதிரியிலும் லேசாகக் கோடு வருகிறது என்றால் ஸ்ட்ரிப்பில் கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகளைச் சந்தேகியுங்கள். புரதம் சரியாகப் போர்த்தாத துகள் எதிலும் ஒட்டும். கொஞ்சம் எடுத்து 10 சதவீத உப்புக் கரைசல் சேருங்கள். சிவப்பு நீலச்சாம்பலாக மாறினால் போர்வை போதவில்லை. மாறாக, வளர்ப்பு கலங்கலாக இருந்தும் கோடே இல்லை என்றால் நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். கிருமியும் அது உதிர்த்த ஓ-ஆன்டிஜனும் அளவுமீறி இருந்தால் துகளையும் கோட்டையும் தனித்தனியே நிரப்பிவிடும், இரண்டும் சேராது.

கேள்வி: நல்ல புரதம்தான். கரைசலில் ஒளிர்கிறது. காந்த மணியில் ஏற்றினால் மட்டும் பிடிப்பு போய்விடுகிறது.

முதலில் பஃபரைப் பாருங்கள். டிரிஸில் இருந்த புரதத்தை அமைன்களோடு பிணையும் எபாக்சி மணியிலோ என்.ஹெச்.எஸ். மணியிலோ அப்படியே போட்டால் டிரிஸின் அமைன்கள் இடத்தை நிரப்பிவிடும். பாஸ்பேட் அல்லது போரேட்டுக்கு மாற்றி டயலிசிஸ் செய்யுங்கள். அது சரியாக இருந்தால், புரதம் தலைகீழாக ஒட்டியிருக்கலாம். பிடிக்கும் முகத்தில் லைசின் இருந்தால் அதுவே மணியோடு பிணைந்துவிடும். முகத்துக்கு எதிர்முனையில் ஒற்றை பயோட்டின் ஏறும் வாலைச் சேர்த்து ஸ்ட்ரெப்டாவிடின் மணியில் ஏற்றினால் எல்லாம் ஒரே திசையில் நிற்கும். அப்படிச் செய்யும்போது பால் பவுடரால் அடைக்காதீர்கள், பாலில் பயோட்டின் உண்டு. பி.எஸ்.ஏ. போடுங்கள். 2.8 மைக்ரான் மணி, மில்லிக்கு 10 மில்லிகிராம் கலவை என்றால் 1 மில்லி மாதிரிக்கு 20 மைக்ரோலிட்டர் போதும், அதிலேயே ஒரு கோடிக்கு மேல் மணிகள் இருக்கின்றன. மாதிரியில் கொழுப்பு இருந்தால் 0.05 சதவீத ட்வீன்-20 சேருங்கள். காந்தத்தில் வைத்து மூன்று நிமிடம் முழுதாகக் காத்திருந்து பிறகு உறிஞ்சுங்கள், முப்பது வினாடியில் உறிஞ்சினால் பிடித்த மணியில் பாதி பிப்பெட்டோடு போய்விடும்.